வடசென்னைப் பிள்ளைகளுக்குச் சொல்ல, நம் பக்கத்திலேயே நடந்த உண்மைக் கதை இருக்கிறதா?

கேட்டவர்: காசிமேடு டீச்சர்

வணக்கம். காசிமேட்டில் சாயங்கால வகுப்பு எடுக்கிறேன். ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் அப்பா போட்டில் கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். வெள்ளிக்கிழமை மட்டும் கடைசி அரை மணி நேரம் பாடத்தை மூடி வைத்துவிட்டுக் கதை சொல்வது வழக்கம்.

இப்போது என் கையிருப்பு தீர்ந்துவிட்டது. எடிசன் பல்பை எடுத்தால் "இத மூணாவதுலயே சொல்லிட்டாங்க டீச்சர்" என்கிறார்கள். நியூட்டன் தலையில் ஆப்பிள் விழுந்ததை ஒருவன் நான் வாயைத் திறப்பதற்குள் நடித்தே காட்டிவிட்டான். கலாம் ஐயா பேப்பர் போட்ட கதையை அவர்களே எனக்குச் சொல்வார்கள்.

எனக்கு வேண்டியது உண்மையாக நடந்த கதை. வாட்ஸ்அப்பில் சுற்றும் ரகம் வேண்டாம். முடிந்தவரை ராயபுரம், பாரிமுனை, வண்ணாரப்பேட்டை, இந்த வட்டாரத்தோடு ஒட்டிய கதையாக இருக்கட்டும். "முயன்றால் முடியும்" என்று முடிகிற கதையாக மட்டும் இருக்க வேண்டாம். அந்த வரி வருவதற்கு முன்னாலேயே பின்பெஞ்சில் கோரஸாகச் சொல்லிவிடுகிறார்கள்.

ராமானுஜன் பெயரும், 1729 என்ற டாக்சி எண்ணும் அவர்களுக்குத் தெரியும். அதற்கு மேல் எனக்கே தெரியாது. ராயபுரத்தில் அவர் பெயரில் ஏதோ மியூசியம் இருக்கிறதாமே?

பதில்: ஹார்பர் கணக்குப்பிள்ளை (ஓய்வு)

டீச்சரம்மா, மியூசியம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

நான் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் ராமானுஜன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைத்துக்கொள்வேன். அவரும் அதே பிரிவுதான். மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலை குமாஸ்தா. 1912 மார்ச் 1 அன்று சேர்ந்தார், சம்பளம் மாதம் 30 ரூபாய். டாக்சி நம்பரைத் தூக்கி ஓரமாக வையுங்கள். அது லண்டனில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நடந்தது. உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டிய கதை பாரிமுனையில் நடந்தது.

முதலில் அவர் ஃபெயில் ஆனதிலிருந்து ஆரம்பியுங்கள், பின்பெஞ்சு நிமிர்ந்து உட்காரும். கும்பகோணம் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் கிடைத்தது. கணக்கைத் தவிர எதையும் திரும்பிப் பார்க்காததால் அது போயிற்று. பிறகு 1906இல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். இன்று சேத்துப்பட்டில் இருக்கிறதே, அந்த இடத்தில் இல்லை. அப்போது கல்லூரி பாரிமுனையில், ஹைகோர்ட்டுக்கு எதிர்வரிசையில் பெரிய தூண்கள் வைத்த கட்டடம் இருக்கிறது பாருங்கள், அங்கே நடந்தது. அங்கேயும் எஃப்.ஏ. (டிகிரிக்கு முந்தைய கல்லூரித் தேர்வு) தேறவில்லை. உடலியல் பாடம் காலை வாரிவிட்டது. அடுத்த வருஷம் தனியாக எழுதியும் தேறவில்லை. டிகிரி கடைசி வரை இந்தியாவில் வாங்கவே இல்லை.

அப்புறம் கல்யாணம், வேலை தேடல், நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பெரிய மனிதர்கள் வீட்டு வாசலில் நிற்பது. நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் கொஞ்ச நாள் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். அப்படியே ஹார்பரில் குமாஸ்தா வேலை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. எல்லாரும் "ஏழைக் குமாஸ்தா, யாரும் கண்டுகொள்ளவில்லை, வெள்ளைக்காரர் கண்டுபிடித்தார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கண்டுகொண்ட ஆள் அதே ஆபீசில், அவருக்கு மேலதிகாரியாக உட்கார்ந்திருந்தார். எஸ். நாராயண ஐயர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர், இந்தியக் கணிதக் கழகத்தின் பொருளாளர். பகலில் ஹார்பர் லெட்ஜர், ராத்திரி திருவல்லிக்கேணியில் அவர் வீட்டு மாடியில் இருவரும் ஆளுக்கொரு பலகையோடு உட்காருவார்கள். பலகை என்றால் நம் சிலேட்டுப் பலகைதான். காகிதம் வாங்கிக் கட்டுப்படியாகாது. ராமானுஜன் பலகையில் எழுதுவார், முழங்கையால் அழிப்பார், திரும்ப எழுதுவார். துணியை எடுத்து அழித்தால் நேரம் போகும் என்பதால் முழங்கை. அது கறுத்துக் காய்த்துப் போயிருந்ததாம். பலகையில் விடை வந்தால் மட்டும் நோட்டில் ஏறும். வழி அழிந்துவிடும். அதனால்தான் அந்த நோட்டுகளில் விடை விடையாக இருக்கிறது, எப்படி வந்தது என்பது இல்லை. கப்பல் சரக்கு கட்டி வந்த காகிதத்தைப் பொறுக்கி அதில் கணக்குப் போட்டதாகவும் சொல்வார்கள்.

நாராயண ஐயரின் மகன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த ஒரு விஷயம்: ராமானுஜன் இரண்டு படியில் தாண்டிப் போவதைப் பார்த்து, "எனக்கே புரியவில்லை, மற்றவர்களுக்கு எப்படிப் புரியும், நடுவில் பத்துப் படியாவது எழுது" என்று அப்பா வற்புறுத்துவாராம். உங்கள் வகுப்பில் ஸ்டெப் போடாமல் விடை மட்டும் எழுதும் பையன் நிச்சயம் ஒருத்தன் இருப்பான். அவனைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நாராயண ஐயருக்கு மேலே சேர்மன் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். துறைமுகத்தின் வாயில் முன்பு நேர் கிழக்கே இருந்தது, அலை உள்ளே வந்து கப்பலை ஆட்டும். அதை அடைத்து வடகிழக்கில் புதிய வாயில் திறந்தது அவர் காலத்தில்தான். (அந்தத் துறைமுகச் சுவர் மணலைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம், காசிமேட்டுக் கரை அரித்துக்கொண்டே போனது. கல் கொட்டியிருக்கிற கரையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைத் தனியாக ஒரு வெள்ளிக்கிழமை சொல்லலாம்.) ஸ்பிரிங்குக்கு இந்தக் கணக்கு புரிந்திருக்காது. ஆனால் நாராயண ஐயர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினார், கடிதம் எழுதினார், ஆளைப் பார்த்துப் பேசினார்.

லண்டனுக்குப் போன கடிதங்களில் ஒன்றுக்கு எம்.ஜே.எம். ஹில் என்ற பேராசிரியர் பொறுமையாகப் பதில் எழுதினார், தவறுகளைச் சுட்டினார், அத்தோடு சரி. கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பேர் உதவ முன்வரவில்லை. 1913 ஜனவரி 16 அன்று ராமானுஜன் கேம்பிரிட்ஜிலேயே இருந்த ஹார்டி என்ற கணித அறிஞருக்கு எழுதினார். "துறைமுக அலுவலகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் குமாஸ்தா, வயது சுமார் 23" என்று தொடங்கும் கடிதம். உண்மையில் அப்போது அவருக்கு 25 முடிந்திருந்தது. ஏன் குறைத்து எழுதினாரோ! ஹார்டி முதலில் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் சந்தேகப்பட்டார். ராத்திரி லிட்டில்வுட் என்ற சக கணித அறிஞரைக் கூப்பிட்டு இருவரும் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் சமாசாரம் புரிந்தது.

கடிதம் போய் வருகிற நேரத்தில் இங்கே இன்னொன்று நடந்தது. பிப்ரவரி 25 அன்று கில்பர்ட் வாக்கர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தார். சிம்லாவில் வானிலைத் துறையின் தலைவர், அதற்கு முன் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் மாணவர். ராமானுஜனின் நோட்டுகளை அவர் முன்னால் வைத்தார்கள். மறுநாளே அவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார்: இந்த ஆளைப் பிழைப்புக் கவலை இல்லாமல் கணக்கு மட்டும் போட விடுங்கள் என்று. ஆராய்ச்சி உதவித்தொகை எம்.ஏ. படித்தவர்களுக்குத்தான் என்பது விதி. எஃப்.ஏ. ஃபெயிலுக்கு விதியை வளைத்து மாதம் 75 ரூபாய் கொடுத்தார்கள். துறைமுகம் சம்பளமில்லா விடுப்பு கொடுத்தது. கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சேர்ந்து ஒரு வருஷம் ஆன குமாஸ்தாவுக்கு நீண்ட விடுப்பு என்பது சாதாரண விஷயம் இல்லை. யாரோ ஒருவர் அந்த ஃபைலை மேசை மேசையாகத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

இந்த வாக்கர் யார் என்று மீனவப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடாதீர்கள். பருவமழை ஏன் சில வருஷம் பொய்க்கிறது என்று தேடிக்கொண்டிருந்தவர். பசிபிக் கடலின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால் மறுபக்கம் இறங்குகிறது என்பதைப் பழைய பதிவேடுகளை வைத்துக் கணக்குப் போட்டே 1920களில் காட்டினார். இன்று டிவியில் எல் நினோ என்று சொல்கிறார்களே, அதன் பாதிக் கதை அது.

1914 மார்ச் 17, நெவாசா என்ற கப்பல். ஹார்டி கூப்பிட்டதன் பேரில் ராமானுஜன் இங்கிலாந்துக்கு இதே ஹார்பரிலிருந்துதான் புறப்பட்டார்.

மியூசியம் ராயபுரம் சோமு செட்டித் தெருவில் இருக்கிறது. 1993இல் தொடங்கியது. அதை ஏற்படுத்திய பி.கே. சீனிவாசன், முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். உங்கள் ஜாதி, டீச்சரம்மா. அவர் ஒரு தனிக் கதை, நேரம் கிடைத்தால் எழுதுகிறேன்.

பதில்: செரியன் நகர் ஸ்ட்ரைக்கர்

ஐயா எழுதியது நல்லா இருக்கு. ஆனால் எல்லாம் நூறு வருஷத்துக்கு முந்தியது. டீச்சர், பிள்ளைகளுக்கு உயிரோடு இருக்கிற ஆளையும் சொல்லுங்க.

காசிமா. புதுவண்ணாரப்பேட்டை, எங்க ஏரியா. அப்பா ஆட்டோ ஓட்டுபவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலக கேரம் போட்டியில் தனிநபர், இரட்டையர், அணி, மூன்றிலும் தங்கம். அப்போது வயசு 17. கேரம் போர்டு இல்லாத தெரு வடசென்னையில் கிடையாது, ஆனா அதை டைம்பாஸ் என்றுதான் வீட்டில் திட்டுவாங்க. ரெட் போட்டு ஃபாலோ போடத் தெரிந்த எந்தப் பையனையும் கேளுங்க, போர்டின் மூலையில் ஒட்டிக்கிடக்கிற காயை எடுப்பதற்கு எத்தனை மாசம் ஒரே ஷாட்டை அடிக்கணும் என்று அவனே சொல்வான்.

கண்டுபிடிப்பு எல்லாம் இல்லை. ஆனால் உண்மை, பக்கத்துத் தெரு.

கேட்டவர்: காசிமேடு டீச்சர்

தம்பி, காசிமா பெயர் சொன்னதும் வகுப்பில் பாதிப் பெண்பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. ஒருத்தி எனக்கே பாடம் எடுத்தாள்.

ஐயா, இந்த வெள்ளிக்கிழமை பச்சையப்பன் ஃபெயில் கதையில் ஆரம்பித்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே பின்பெஞ்சு கவனித்தது. முழங்கையால் அழித்ததைக் கேட்டு எல்லாரும் தங்கள் முழங்கையைப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் இரண்டு கேள்வியில் மாட்டிக்கொண்டேன். ஒரு பையன், "சாமி கனவுல வந்து கணக்கு சொல்லிச்சாமே, அப்ப அவர் எங்க போட்டாரு?" என்று கேட்டான். ஒரு பெண், "அவர் கப்பல்ல போயிட்டாரு, அந்த அக்கா என்ன ஆனாங்க?" என்று கேட்டாள். கல்யாணத்தின்போது மனைவிக்குப் பத்து வயது என்று நான் சொல்லியிருந்தேன், அதிலிருந்து வந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில்: ஹார்பர் கணக்குப்பிள்ளை (ஓய்வு)

இரண்டாவது கேள்வி முதலில். அந்தப் பெண்ணுக்கு என் சார்பில் ஒரு மிட்டாய் கொடுங்கள்.

ஜானகி அம்மாள். ராமானுஜன் 1919இல் நோயோடு திரும்பி வந்தார், 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தார், வயது 32. கடைசி மாதங்களிலும் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார், காகிதத்தை எடுத்துக் கொடுத்தது, பத்திரப்படுத்தியது எல்லாம் இந்த அம்மாள். அவர் போன பிறகு அந்தக் காகிதங்கள் இவர் கையை விட்டுப் போயின. அதில் ஒரு கட்டு எங்கெங்கோ சுற்றி, கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடந்ததை 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் கண்டெடுத்தார். சாகக் கிடந்தவர் எழுதிய கணக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் பெட்டியில் இருந்தது!

அந்த அம்மாள் பம்பாயில் தையல் கற்றுக்கொண்டார். பிறகு திருவல்லிக்கேணிக்கு வந்து தைத்தும் சொல்லிக்கொடுத்தும் பிழைத்தார், ஒரு பையனை எடுத்து வளர்த்து ஆளாக்கினார். 1994 வரை இருந்தார். இன்று நாம் எல்லாப் புத்தகத்திலும் பார்க்கிற ராமானுஜன் முகம் இருக்கிறதே, கண் கொஞ்சம் பெரிதாக, அது அவருடைய பாஸ்போர்ட் படம். 1936இல் ஹார்டி ஒரு படம் வேண்டும் என்று வானியல் அறிஞர் சந்திரசேகரிடம் கேட்டார். அவர் இந்தியா வந்தபோது இந்த அம்மாளைத் தேடிப் பிடித்தார். அம்மாள் வீட்டிலிருந்த பழைய பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அவர் வைத்திருக்காவிட்டால் அந்த முகம் நமக்குக் கிடைத்திருக்காது.

இன்னொன்று. 1980களின் தொடக்கத்தில் ஒரு பத்திரிகைக்காரரிடம் அம்மாள், "சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே சிலை?" என்று கேட்டார். செய்தியைப் படித்த ரிச்சர்டு ஆஸ்கி என்ற அமெரிக்கக் கணித அறிஞர், பல நாட்டுக் கணிதக்காரர்களிடம் பணம் திரட்டி, பால் கிரான்லண்ட் என்ற சிற்பியிடம் மார்பளவுச் சிலை செய்யச் சொன்னார். சிற்பிக்கு மாதிரியாக இருந்ததும் அதே பாஸ்போர்ட் படம்தான். ஒன்று அம்மாள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

இப்போது சாமி கேள்வி. நாமக்கல் நாமகிரித் தாயார் அருள் என்று ராமானுஜனே சொல்லியிருக்கிறார், அதை மறைக்க வேண்டாம். பையன் கேட்டதும் நியாயமான கேள்விதான். நான் சொல்லக்கூடியது இவ்வளவு: தாயார் சொன்னதை அவர் பலகையில் போட்டுப் பார்த்தார், பல தடவை போட்டுப் பார்த்தார், தப்பும் போட்டார். பகா எண்களைப் பற்றி அவர் ஹார்டிக்கு எழுதியதில் தவறுகள் இருந்தன. அவர் நோட்டில் எழுதிவைத்த ஆயிரக்கணக்கான முடிவுகளுக்கு வழி காட்டுவதற்கு புரூஸ் பெர்ன்ட் என்பவர் 1977இல் உட்கார்ந்தவர், இருபது வருஷத்துக்கு மேல் எழுந்திருக்கவில்லை. பலகையில் முழங்கை அழித்ததை எல்லாம் அவர் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார் என்று வையுங்கள்.

பிள்ளைகள் சிரிக்க ஒன்று. 1+2+3+4 என்று முடிவே இல்லாமல் கூட்டிக்கொண்டே போனால் விடை கழித்தல் 1/12 என்று ராமானுஜன் ஹார்டிக்கு எழுதினார். எழுதிவிட்டு, இதைச் சொன்னால் நீங்கள் எனக்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுவீர்கள் என்றும் அவரே சேர்த்து எழுதினார். நம் பாஷையில் கீழ்ப்பாக்கம்.

பதில்: பிளட் டெஸ்ட் அக்கா, கொருக்குப்பேட்டை

நான் லேப் டெக்னீஷியன். கணக்கு எனக்கு வராது. ஆனால் எங்கள் துறையில் ஒருவர் இருக்கிறார், படித்தது சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரில் இருக்கும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில். பாரிமுனைக்கு நடக்கிற தூரம்தான், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்துக்காரர், 1895இல் பிறந்தவர். மெட்ரிக் இரண்டு தடவை தவறினார், மூன்றாவது தடவை சென்னையில் எழுதித் தேறினார். (ஃபெயில் கதையைப் பின்பெஞ்சு கவனித்தது என்றீர்களே, இவரும் அந்த ரகம்.) மருத்துவக் கல்லூரியில் காந்தி சொன்னார் என்று கதர்த் துணியில் அறுவை சிகிச்சை அங்கி போட்டுக்கொண்டு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கொடுத்தார்கள்.

1920களின் தொடக்கத்தில் மாமனார் வீட்டு உதவியோடு ஹார்வர்டு போனார். அங்கே டாக்டராக வேலை செய்ய லைசென்ஸ் இல்லை. ஆஸ்பத்திரியில் இரவு வேலை, நோயாளிகளின் மலஜலச் சட்டி கழுவுவது. பகலில் லேப். 1925இல் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து ரத்தத்தில் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். மாதிரியில் மாலிப்டேட் கரைசலைச் சேர்த்து, இன்னொரு மருந்தை விட்டால் நீலம் ஏறும். நீலம் எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு பாஸ்பரஸ். நாங்கள் படிக்கும்போது பிராக்டிகல் புத்தகத்தில் "ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை" என்று இருக்கும். என்னோடு படித்தவர்கள் யாரோ வெள்ளைக்காரர் என்றுதான் நினைத்திருந்தார்கள், உச்சரிப்பே அப்படி இருக்கும்.

அப்புறம் தசைகள் எதை எரித்து இயங்குகின்றன என்று தேடிப் போய் பாஸ்போகிரியேட்டின், ஏ.டி.பி. இரண்டையும் ஃபிஸ்கேயோடு சேர்ந்து கண்டார். உங்கள் எட்டாவது பிள்ளைகளுக்கு ஏ.டி.பி. இன்னும் வந்திருக்காது, மேல் வகுப்பில் வரும். இத்தனைக்குப் பிறகும் ஹார்வர்டு நிரந்தர வேலை தரவில்லை. 1940இல் லெடர்லே என்ற மருந்துக் கம்பெனிக்குப் போய்விட்டார்.

அங்கே அவர் குழு செய்ததைத்தான் உங்கள் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல மாத்திரை இருக்கிறதே, பாதிப் பேர் ஜன்னல் வழியாக எறிவது. அதில் இரும்புச்சத்தோடு இருப்பது ஃபோலிக் அமிலம். 1945இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தது இவர் தலைமையில் இருந்த குழு. ஸ்ப்ரூ என்ற வயிற்றுப்போக்கு நோயில் ரத்தம் சுண்டிப்போகும், அதற்கு இது மருந்தானது. அந்த நோய்க்குத்தான் இளம் வயதில் தன் சகோதரர்களைப் பறிகொடுத்திருந்தார்.

ஃபோலிக் அமிலத்தைக் கொஞ்சம் மாற்றி எதிர்மருந்து செய்தார்கள். அதை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்து, 1948இல் நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதை வெளியிட்டார். அந்த வரிசையில் வந்த மெத்தோட்ரெக்சேட்டை இன்றும் கொடுக்கிறார்கள். மூட்டுவாதத்துக்கும் அதுதான்.

கடைசியாக யானைக்கால். நம் பக்கத்தில் சாக்கடைக் கொசு எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கிருமி பகலில் ரத்தத்தில் தட்டுப்படாது, ராத்திரியில்தான் தோலுக்கு அருகே வரும். அதனால்தான் அந்த ரத்தப் பரிசோதனைக்கு ராத்திரியில் வந்து கதவு தட்டுவார்கள். பாட்டிமார்களைக் கேளுங்கள், விரலில் குத்திக் கண்ணாடித் தகட்டில் தேய்த்ததைச் சொல்வார்கள். அதற்குக் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரையும் லெடர்லேயில் இவர் குழுவிலிருந்து வந்ததுதான்.

1948 ஆகஸ்டில் இறந்தார், வயது 53. ஊருக்குத் திரும்பவே இல்லை. மூன்று வருஷத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். மனைவி பெயர் சேஷகிரி. ஜானகி அம்மாளைப் பற்றிக் கேட்ட பெண் இவரைப் பற்றியும் கேட்பாள், அதனால் சொல்லி வைக்கிறேன். இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் கோபம் உண்டு.

பதில்: லாஞ்ச் ஓனர் மகன்

டீச்சர், மீனவப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எங்கள் ஆட்களை விட்டுவிட்டீர்களே எல்லாரும்.

மெட்ராசுக்குத் துறைமுகமே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். 1875, 76இல் ஆரம்பித்த தடுப்புச் சுவர்களை 1881 நவம்பர் புயல் வந்து உடைத்துப் போட்டது, திரும்பக் கட்டினார்கள். அதற்கு முன் இருநூறு வருஷத்துக்கு மேல் கப்பல் எல்லாம் கடலில் தள்ளி நிற்கும். கவர்னர் ஆனாலும் சரி, குதிரை ஆனாலும் சரி, கரைக்கு வர ஒரே வழி மசூலா படகு. வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆணி அடித்த படகு நம் கரை அலையில் மாட்டினால் நொறுங்கும். மசூலாவில் ஆணி கிடையாது, உள்ளே விலாக்கட்டையும் கிடையாது. பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்து, சந்தில் வைக்கோலை அடைத்திருப்பார்கள். அலை அடித்தால் படகு வளையும், மணலில் மோதினால் நெளியும், உடையாது. பக்கத்திலேயே கட்டுமரக்காரர்கள் வருவார்கள், யாராவது விழுந்தால் எடுக்க.

யார் கண்டுபிடித்தது என்று பெயர் கிடையாது. பெயர் இல்லாததால் கண்டுபிடிப்பு இல்லை என்று ஆகிவிடுமா? இந்தக் கதையை வகுப்பில் ஒரு தாத்தாவைக் கூப்பிட்டுச் சொல்ல வையுங்கள், நீங்கள் சொல்வதைவிட நன்றாக இருக்கும்.

பதில்: ஹார்பர் கணக்குப்பிள்ளை (ஓய்வு)

லாஞ்ச் தம்பி சொன்னது சரி. அந்த 1881 புயல் நடந்தபோது சுவர் ஏறக்குறைய முடியும் தறுவாயில் இருந்தது. எங்கள் ஆபீசில் பழைய ஆட்கள் அதை நேரில் பார்த்த மாதிரிச் சொல்வார்கள்.

சீனிவாசன் சாரைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். ராமானுஜன் கும்பகோணத்தில், திருவல்லிக்கேணியில், ஹார்பரில் பழகிய மனிதர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த காலம். கூடப் படித்தவர், பக்கத்து வீட்டுக்காரர், நாராயண ஐயரின் மகன், எல்லாரிடமும் நினைவுகளையும் கடிதங்களையும் கேட்டு வாங்கித் திரட்டினார். 1968இல் இரண்டு தொகுதியாக வெளிவந்தது. வெளியிட்டது எந்தப் பெரிய பதிப்பகமும் இல்லை, முத்தியால்பேட்டைப் பள்ளிதான், பழைய மாணவர்களும் சேர்ந்து. பிற்பாடு உலகத்தில் யார் ராமானுஜன் வாழ்க்கையை எழுதினாலும் அந்த இரண்டு தொகுதியைத் தொடாமல் எழுத முடியவில்லை. நான் மேலே சொன்ன "பத்துப் படியாவது எழுது" மாதிரியான சங்கதிகள் எல்லாம் இப்படிப்பட்ட சேகரிப்பால் பிழைத்தவைதான். சம்பளம் வாங்கும் பள்ளிக்கூட வாத்தியார், வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் செய்தது.

என்னைக் கேட்டால் உங்கள் பிள்ளைகளையும் அப்படி ஒரு வேலைக்கு விடலாம். தாத்தாவைக் கூப்பிட்டுக் கதை கேட்பதோடு நிறுத்தாமல், அவர் சொல்வதைத் தேதி போட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

மியூசியத்துக்குப் போவதானால் முதலில் விசாரித்துக்கொண்டு போங்கள். கடை மாதிரி எந்நேரமும் திறந்து வைத்திருக்கும் இடம் இல்லை. கடிதங்களின் நகல், படங்கள் இருக்கும்.

கேட்டவர்: காசிமேடு டீச்சர்

அக்கா, நீல மாத்திரையைப் பற்றிச் சொன்னதும் ஜன்னலோரம் உட்காருகிற இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சேஷகிரி அம்மாளைப் பற்றியும் கேட்டாள், நீங்கள் சொன்ன அதே பெண்தான். தம்பி, மசூலா படகுக்கு ஒரு தாத்தா கிடைத்திருக்கிறார். அவர் மசூலாவில் போனதில்லை, அவருடைய அப்பா போனதைப் பார்த்திருக்கிறாராம். பிள்ளைகள் இப்போதே யார் எழுதுவது, யார் கேட்பது என்று சண்டை போடுகிறார்கள்.

ஐயா, நீங்கள் ஒரு வம்பில் மாட்டிவிட்டீர்கள். 1+2+3+4 கூட்டினால் எப்படிக் கழித்தலில் வரும் என்று வகுப்பே கேட்கிறது. கீழ்ப்பாக்கம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் விடவில்லை. ஒருவன் நூறு வரைக்கும் கூட்டி 5050 என்று எழுதிக்கொண்டு வந்து, "இன்னும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கு டீச்சர்" என்றான். நீங்கள் வெள்ளிக்கிழமை வந்து சொல்ல முடியுமா?

பதில்: ஹார்பர் கணக்குப்பிள்ளை (ஓய்வு)

அம்மா, நான் கணக்குப்பிள்ளை, கணக்கு வாத்தியார் இல்லை. வரவு செலவு என்றால் வருகிறேன். முடிவில்லாத தொடர் எல்லாம் தெரிந்தவர் யாராவது இங்கே இருந்தால் தயவுசெய்து கைதூக்கவும்.

பதில்: தண்டையார்பேட்டை எம்.எஸ்சி.

நான் வருகிறேன் டீச்சர். சாதாரணமாகக் கூட்டுகிற அர்த்தத்தில் அது கழித்தலில் வராது, அந்தப் பையன் சொன்னதுதான் சரி, ஏறிக்கொண்டேதான் போகும். ராமானுஜன் கூட்டல் என்பதற்கே வேறொரு அர்த்தம் கொடுத்தார். முதலில் 1−1+1−1 என்று போனால் என்ன விடை என்று பிள்ளைகளையே சண்டை போட விடலாம், அங்கிருந்து நகர்த்துகிறேன். அரை மணி போதாது, ஒரு மணி நேரம் வேண்டும். போர்டு இருக்கிறதா, இல்லை நான் கொண்டுவர வேண்டுமா?